பூத் தொடுப்பீர்களா? டைப்பும் அடிக்கலாம்!

மல்லிகை தொடுக்கும்போது நீங்கள் விரல்களையா பார்க்கிறீர்கள்? வாய் வம்பளக்கிறது; கண் வாசலில் இருக்கிறது; சரம் பாட்டுக்கு நீண்டுகொண்டே போகிறது. இந்த வித்தை கைவந்த உங்களுக்கு, கம்ப்யூட்டரில் பார்க்காமல் டைப் அடிப்பதும் கைவரும் என்றால் நம்புவீர்களா?

எங்கள் எதிர்வீட்டு மாமி நம்பவில்லை. அவருடைய தாயார் எழுதி வைத்த சமையல் குறிப்பு நோட்டு ஒன்று அவரிடம் இருக்கிறது. தொட்டால் தாள் உதிர்கிறது, மசியும் மங்கிவிட்டது. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட உட்கார்ந்தார். நோட்டில் ஒரு பார்வை, விசைப் பலகையில் ஒரு பார்வை, ஒற்றை விரலால் ஒரு தட்டு! மறுபடி நோட்டைப் பார்ப்பதற்குள் வரி தவறிவிடும். இப்படி அடித்த புளிக்காய்ச்சல் பக்குவத்தைப் பேத்திக்கு அனுப்பினார்.

"ஏன் பாட்டி, கொள்ளுப்பாட்டி உப்பே போடமாட்டாளா?" என்று போனில் கேட்டாள் பேத்தி.

மாமிக்குச் சுருக்கென்றது. "நான் பண்ணின தப்புக்கு எங்கம்மாவுக்கல்லவா கெட்ட பெயர்!" என்று கண் கலங்கினார்.

கண்ணுக்கு இரண்டு வேலை கொடுத்தால் இந்தக் கதிதான். இது 1888-லேயே தெரிந்துபோன விஷயம். அந்த வருஷம் ஜூலை 25-ஆம் தேதி, அமெரிக்காவில் ஸின்ஸினாட்டி நகரில் ஒரு டைப் போட்டி நடந்தது. லூயி டிராப் என்பவர் விசைகளைப் பார்த்துப் பார்த்து அடித்தார். ஃபிராங்க் மக்கரின் என்ற கோர்ட்டுச் சுருக்கெழுத்தாளரோ, கண்ணைத் தாளிலேயே வைத்துக்கொண்டு எல்லா விரல்களாலும் அடித்தார். ஜயித்தவர் மக்கரின்தான்!

நீங்களும் ஆரம்பியுங்கள். நடு வரிசையில் எஃப், ஜே விசைகளின் மேல் சிறு மேடு தட்டுப்படும். ஆள்காட்டி விரல்கள் இரண்டும் அங்கே அமரட்டும். மற்ற விரல்கள் பக்கத்து விசைகளில் வரிசையாக உட்காரட்டும். தமிழக அரசு 1999-இல் அங்கீகரித்த 'தமிழ் 99' முறையில், இடக்கைச் சுண்டு விரலிலிருந்து அ, இ, உ, புள்ளி. வலக்கை ஆள்காட்டி விரலிலிருந்து ப, ம, த, ந. அ-வுக்கு நேர் மேலே ஆ. இனி அ, ம, ம, ஆ என்று தட்டுங்கள். 'அம்மா' வந்துவிடுவாள்! நடுவில் உள்ள புள்ளியைக் கம்ப்யூட்டரே வைத்துவிடும்.

ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். முதலில் வேகம் குறையும். "ஒற்றை விரலே தேவலை" என்று தோன்றும். பலர் கைவிடுவது இங்கேதான். நீங்கள் விடாதீர்கள். கைகளின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, தினம் கால் மணி நேரம் நிதானமாக அடியுங்கள். பிழை குறைந்தால் வேகம் தானே வரும்.

மாமி அப்படித்தான் பழகினார். இப்போது அவர் கண் நோட்டை விட்டு அகலுவதில்லை. "அம்மாவின் கையெழுத்தை இத்தனை நேரம் நான் பார்த்ததே இல்லை" என்கிறார்.

பேத்திக்குப் புதுப் பிரதி போய்விட்டது, உப்போடுதான்!