சிவப்புச் சாயம் காத்த கை

காலில் மண்வெட்டி பட்டால் நிற மருந்தொன்றைப் பூசிவிட்டு வேலைக்குத் திரும்புகின்றோம். சாயத்துக்கும் மருந்துக்கும் உள்ள உறவு பழையது. நுணுக்குக்காட்டியில் கிருமிகளைத் தெளிவாகக் காண விஞ்ஞானிகள் அவற்றுக்குச் சாயமூட்டினார்கள். டென்மார்க் நாட்டவரான கிராம் 1884இல் வெளியிட்ட ஊதாச் சாய முறை இன்றும் ஆய்வுகூடங்களில் கையாளப்படுகின்றது. கிருமியைப் பற்றிக்கொள்ளும் சாயம் அதனைக் கொல்லவும் கூடுமல்லவா?

ஜேர்மனியில் கெர்ஹார்ட் டொமாக் இதனையே தேடினார். முதலாம் உலகப் போரில் காயங்கள் அழுகிப் படைவீரர் மடிந்ததைக் கண்டவர் அவர். 1932இல் புரொன்டோசில் என்ற சிவப்புச் சாயம், கொடிய கிருமி ஏற்றப்பட்ட சுண்டெலிகளைக் காத்தது. பின்னர் அவருடைய சிறு மகளின் கையில் ஊசி குத்திக் கிருமி பரவியது. கையை வெட்ட வேண்டிவரும் என்ற நிலையில் தகப்பன் அம்மருந்தையே கொடுத்தார். பிள்ளை கையோடு பிழைத்தாள்.

1935இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவகத்தார் உண்மையைக் கண்டனர். குணமாக்கியது நிறமன்று, சாயம் உடலுக்குள் உடைந்து வெளிப்படும் நிறமற்ற சல்பனிலமைட் என்ற பொருளே.

ஆகவே, நிறத்தை மட்டும் நம்பி இருந்துவிட வேண்டாம். காயத்தைச் சுத்தமான நீரால் கழுவுவோம். ஏற்புவலி ஊசி வேண்டுமா எனக் கேட்டறிவோம். வீக்கமோ காய்ச்சலோ கண்டால் தாமதியாது வைத்தியரிடம் செல்வோம். அவர் தரும் குளிசைகளை இடையில் நிறுத்தாது உட்கொள்வோம். உழைக்கும் கைகளே இன்று எம்மிடம் எஞ்சியுள்ள முதல்.