ஒரே குக்கரில் பிசிபேளே பாத்

ஊரில் மலர வேகும் துவரம்பருப்பு மல்லேஸ்வரத்தில் ஏன் முரண்டு பிடிக்கிறது என்று புதிதாகக் குடிவந்தவர்கள் கேட்பதுண்டு. ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் கடல்மட்டத்திலிருந்து உயரம் எழுதியிருக்குமே, விடை அதில்தான். பெங்களூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே காற்றழுத்தம் குறைவு. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு எரித்தாலும் அதற்குமேல் சூடு ஏறாது. குக்கரில் ஆவி அடைபடுவதால் 120 டிகிரியை நெருங்கும்.

நால்வருக்கு 5 லிட்டர் குக்கர் போதும். அரிசி 1 டம்ளர், பருப்பு முக்கால், நறுக்கிய காரட், பீன்ஸ், நூல்கோல் 2 டம்ளர், தண்ணீர் 6 டம்ளர். மார்கழியில் எட்டாவது கிராஸில் அவரேக்காய், அதாவது நம் பச்சை மொச்சை, கிடைத்தால் விடாதீர்கள். மஞ்சள்தூளும் ஒரு கரண்டி எண்ணெயும் சேர்த்து 4 விசில், பிறகு 5 நிமிடம் சிறு தீ.

பாதிக்குமேல் நிரப்ப வேண்டாம். பருப்பு நுரைத்து ஆவித்துவாரத்தை அடைத்தால் ஆபத்து. துவாரத்தை ஊதிப் பார்த்தே மூடுவேன். நீராவி எஞ்சினோடு பழகிய கை!

புளியை முதலில் சேர்த்தால் பருப்பு வேகாது. ஆவி தானே அடங்கியபின் திறந்து, புளிக்கரைசல், உப்பு, பிசிபேளே பொடி சேர்த்து ஏழெட்டு நிமிடம் கொதிக்கவிட்டு, நெய்யில் கடுகு, கறிவேப்பிலை, முந்திரி தாளிக்கவும். ஆறினால் இறுகும்; இறக்கும்போது சற்றுத் தளர்வாகவே இருக்கட்டும்.