ரிங் மாடுலேட்டர் பெடல்: வாங்கும் முன் என்ன பார்க்கணும்?

மணி அடிப்பது போல, தகரத்தைத் தட்டுவது போல கிட்டாரைப் பேச வைக்கும் பெடல், ரிங் மாடுலேட்டர். ஆசையாக வாங்கிவிட்டு, 'சுருதியே சேரலையே' என்று ஒரே வாரத்தில் ஓரம்கட்டுபவர்களும் உண்டு. உண்மையில் பெடலில் கோளாறு இல்லை. அது போடும் கணக்கு தெரிந்தால் போதும்.

என்ன கணக்கு அது?

கிட்டார் ஒலியையும், பெடலுக்குள் உருவாகும் 'கேரியர்' ஒலியையும் இது பெருக்குகிறது. வெளியே வருவது இரண்டு அதிர்வெண்களின் கூட்டலும் கழித்தலும்தான். கிட்டாரின் ஏ கம்பி 110 ஹெர்ட்ஸ். கேரியர் 300 என்றால் 410, 190 ஆகிய இரண்டும் ஒலிக்கும். இரண்டுமே எந்தச் சுரத்திலும் சரியாக உட்காராது. அதனால்தான் அந்த உலோகச் சத்தம். சர்க்யூட்டில் நான்கு டயோடுகளை வளையமாக இணைத்ததால் வந்த பெயர்தான் 'ரிங்'.

எங்கே கேட்டிருப்போம்?

1963-ல் பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடரில் வந்த டாலெக்குகளின் குரல் இதில் பிறந்ததுதான். 1970-ல் வெளியான பிளாக் சபாத்தின் 'பாரனாய்டு' பாட்டில், டோனி அயோமியின் சோலோவிலும் இது உண்டு.

சுருதிக்குள் கொண்டுவர முடியுமா?

முடியும். கேரியரைப் பாட்டின் ஆதார சுருதிக்கு வையுங்கள். ஏ ஸ்கேல் என்றால் 110. இப்போது 165 ஹெர்ட்ஸ் 'இ' வாசித்தால் 275, 55 வரும். 55 கீழ் ஆக்டேவ் ஏ; 275 சி ஷார்ப். இரண்டுமே ஸ்கேலுக்குள் இருப்பவை. டியூன் செய்ய, ஏ கம்பியை மீட்டியபடி நாபைத் திருப்புங்கள். உறுமல் மெதுவாகி அடங்கும் இடம்தான் சரியான இடம்.

கார்டு வேண்டாம், ஒற்றைச் சுரங்களாக வாசியுங்கள். நெக் பிக்கப்புக்கு மாறி, டோனைக் குறைத்தால் மணியோசை தெளிவாகும்.

கடையில் கவனிக்க வேண்டியவை

* மிக்ஸ் நாப்: அசல் ஒலியும் கூடவே கேட்டால்தான் மெட்டு புரியும்.

* கேரியரின் கீழ் எல்லை: சில ஹெர்ட்ஸுக்கு இறங்கினால் ட்ரெமோலோவாகவும் பயன்படும். மூக் நிறுவனத்தின் எம்எஃப்-102 பெடலில் 0.6 ஹெர்ட்ஸ் வரை இறங்கலாம்.

* எக்ஸ்பிரஷன் பெடல் இணைப்பு: வாசிக்கும்போதே காலால் கேரியரை மாற்றலாம்.

* கசிவு: கம்பியைத் தொடாமல் ஒரு நிமிடம் கேளுங்கள். கேரியர் ஒலி லேசாகக் கசிவது சில பெடல்களில் சகஜம். அது பெரிதாகக் கேட்டால், ரெக்கார்டிங்கில் தலைவலிதான்.