வயலின் இரும்பும் இலையின் பசுமையும்

கண்டியைச் சூழ்ந்த மலையடி வயல்களிற் சிலவற்றில், நாற்று நட்டுச் சில வாரங்களுக்குள் அடியிலைகளின் நுனியிற் கபிலநிறப் புள்ளிகள் தோன்றும். பின்னர் இலை முழுவதும் செம்புநிறமாகி உலரும். பயிர் மட்டம் வெடியாது. கமக்காரர் இதனைப் பசளைக் குறைவென்றோ நோயென்றோ கருதிப் பணத்தை விரயஞ் செய்வதுண்டு. பெரும்பாலும் இது இரும்பு மிகுந்தமையால் நேர்வதாகும். இலங்கை மண்ணியல் அறிஞர் பொன்னம்பெருமாவும் அவருடன் ஆராய்ந்த இருவரும் 1955இல் இதனை எடுத்துக்காட்டினர்.

இரும்பு பயிருக்கு வேண்டாததன்று. உலோகம் நீரிற் கரையும்போது மின்னேற்றமுள்ள அயனாகின்றது. நைதரசன், ஒட்சிசன், கந்தகம் ஆகியவற்றின் அணுக்கள், நண்டு கொடுக்கினாற் கவ்வுவது போல, அவ்வயனைப் பற்றிக்கொள்ளும். இலையின் பச்சையத்தில் நான்கு நைதரசன் அணுக்கள் ஒரு மகனீசிய அயனைச் சூழ்ந்து பிடித்துள்ளன. மகனீசியங் குறைந்தால் முதிர்ந்த இலைகள் நரம்புகளுக்கிடையே மஞ்சளிப்பது இதனாலாம்.

பயற்றங்கொடியின் வேர்முடிச்சைப் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாயிருக்கும். அங்குள்ள ஒரு புரதம், மனிதக் குருதியிலுள்ளதைப் போன்றே, இரும்பைப் பிடித்து அதனால் ஒட்சிசனைக் காவுகின்றது. முடிச்சுச் சிவந்திருப்பின் அது காற்றிலுள்ள நைதரசனைப் பயிருக்கு ஆக்கித் தருகின்றதென அறியலாம்.

ஆயினும், பிடித்துவைக்க இடமுள்ளவரையே உலோகம் நன்மை செய்யும். நீர் தேங்கிய மண்ணிற் காற்று அற்றுப்போகப் பற்றீரியாக்கள் கரையாத இரும்பைக் கரையும் இரும்பாக மாற்றுகின்றன. மலைச்சரிவின் ஊற்றுநீரும் இரும்பைக் கொணர்ந்து சேர்க்கும். அளவுக்கு மிஞ்சிய இரும்பு இலையின் கலங்களைச் சிதைக்கின்றது. நீர்மேல் எண்ணெய்போன்ற படலம் மிதக்கும். குச்சியாற் கலைத்தால் அது துண்டு துண்டாக உடையும். வேர்கள் செங்கபிலப் பூச்சுடன் காணப்படும்.

இத்தகைய வயல்களிற் செய்யத்தக்கவை:

1. மலையடியில் வாய்க்கால் வெட்டி ஊற்றுநீரை வயலுக்கு வெளியே திருப்புதல்.

2. இடையிடையே நீரை வடித்து மண்ணிற் காற்றுப் புகச் செய்தல்.

3. பச்சைத் தழையை நடுகைக்குச் சற்றுமுன் புதைக்காது, நன்கு உக்கிய கூட்டெருவை இடுதல். உக்காத தழை மண்ணின் காற்றை மேலும் குறைக்கும்.

4. பொட்டாசியப் பசளையைத் தவறாது இடுதல். மண்ணைப் பரிசோதிப்பித்த பின்னரே சுண்ணாம்பு இடுதல்.

5. இரும்பைத் தாங்கும் பி.டபிள்யூ. 267-3 போன்ற நெல்லினங்களைத் தெரிதல்.

இலை சிவந்தவுடன் பசளைக் கடையை நாடுமுன், கமக்காரர் ஒரு பயிரைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பார்ப்பாராக. செலவின்றி அறியத்தக்க முதற் சோதனை அதுவே.