மின்சார ஓவனும் கண்ணுக்குப் புலனாகா ஈரமும்

தீபாவளியோ நோன்புப் பெருநாளோ நெருங்கும்போதுதான் பல வீடுகளில் மின்சார ஓவனுக்கு வேலை வரும். பல திங்கள் ஓய்ந்திருந்த ஓவனின் சுவிட்சைத் தட்டியதும் வீட்டு மின்சாரமே நின்றுவிடுவதும் உண்டு. "பழைய ஓவன், தொல்லை கொடுக்கிறது" என்கிறோம். அது தொல்லை அன்று, எச்சரிக்கை. அதன் காரணத்தை ஈண்டு நோக்குவோம்.

ஓவனுள் வளைந்து கிடக்கும் சூட்டுக்குழாயின் நடுவே நிக்ரோம் என்னும் சுருள்கம்பி இருக்கிறது. இது நிக்கலும் குரோமியமும் ஏறத்தாழ 80க்கு 20 என்ற அளவில் கலந்த உலோகம். கம்பி வெளிக்குழாயைத் தொடாதவாறு மக்னீசியம் ஆக்சைடு என்னும் வெண்தூள் இறுக அடைக்கப்பட்டிருக்கும். அத்தூள் வெப்பத்தைக் கடத்தும், மின்சாரத்தைத் தடுக்கும்.

இக்குழாய் பெரும்பாலும் மூன்று வகையில் பழுதுறும். முதலாவது, கம்பி அறுதல். ஓரிடம் மெலிந்தால் அங்கே தடை மிகும். தடை மிகவே சூடு மிகும். சூடு மிகவே கம்பி மேலும் மெலிந்து அறும். ஓவன் சூடாகாது, ஆயினும் அறுந்த முனையில் மின்சாரம் நிற்கலாம். இரண்டாவது, வெளிக்குழாய் விரிசலுற்றுக் கம்பி அதனைத் தொடுதல். மூன்றாவது, ஈரம். வெண்தூள் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. நம் நாடுகளின் புழுக்கக் காற்றில் நெடுநாள் ஓய்ந்திருக்கும் குழாயின் முனைகள் வழியே ஈரம் நுழைய, மின்சாரம் கசியத் தொடங்குகிறது.

"பிளக்கில் பியூஸ் இருக்கிறதே!" என்று கேட்கலாம். 230 வோல்ட்டில் 2,300 வாட் ஓவன் 10 ஆம்பியர் இழுக்கும். அதற்குரிய பியூஸ் 13 ஆம்பியர். மனித உயிரைப் போக்கவோ ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும். ஆகவே பியூஸ் கம்பியைக் காக்கும், ஆளைக் காக்காது. ஆளைக் காப்பவை இரண்டு. ஒன்று, கசிவை மண்ணுக்குக் கொண்டுசெல்லும் எர்த் கம்பி. மற்றொன்று, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தை நிறுத்தும் ஆர்.சி.சி.பி. என்னும் கசிவுத் துண்டிப்பான். சிங்கப்பூரில் 2023 ஜூலை 1 முதல் எல்லா வீடுகளிலும் இது கட்டாயமாக்கப்பட்டது. பழைய வீடுகளுக்கு 2 ஆண்டு தவணை தரப்பட்டது.

எனவே துண்டிப்பான் விழுந்தால் பிளக்கைக் கழற்றிவிட்டு, உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள். அதனை மீண்டும் மீண்டும் தூக்கிவிடுவதும், எர்த் கம்பியை நீக்கிவிட்டுச் சமைப்பதும் உயிரோடு விளையாடுவதாகும். பழுதற்ற ஓவனையும் அவ்வப்போது சிறு சூட்டில் இயக்கி வந்தால் ஈரம் தங்காது. பள்ளியில் மின்தடை பற்றிக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதனையும் சேர்த்துச் சொன்னால், பாடம் மாணவர் வீட்டுச் சமையலறை வரை சென்று பயன் தரும்.