பூ மழையும் காப்பி விலையும்

காப்பிப் பொடி விலை ஏறும்போதெல்லாம் நாம் கடைக்காரரிடம்தான் சலித்துக்கொள்கிறோம். பாவம், அவர் என்ன செய்வார்? அந்த விலையின் கணக்கு குடகில் மாசி, பங்குனி மாதங்களிலேயே தொடங்கிவிடுகிறது. மைசூரில் வாழும் நம் குடும்பங்கள் அதைச் சற்றே அறிந்துகொள்வது நல்லது.

இந்தியக் காப்பியில் ஏறத்தாழ 70 விழுக்காடு கர்நாடகத்தில் விளைகிறது. மாவட்டங்களில் குடகுக்கே முதலிடம். நாட்டின் விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்குக்குமேல் வெளிநாடு போகிறது. இத்தாலி நெடுநாளைய பெரிய வாடிக்கை.

காப்பி வாரியம் ஆண்டுக்கு இரு முறை விளைச்சலை மதிப்பிடுகிறது: பூ பூத்தபின் ஒன்று, பருவமழை ஓய்ந்தபின் ஒன்று. ரொபஸ்டாச் செடியின் மொட்டு வறட்சியில் உறங்கிக் கிடக்கும். ஓரங்குல அளவில் ஒரு நல்ல மழை பெய்துவிட்டால், ஏழெட்டு நாளில் தோட்டமே மல்லிகைப் பந்தல்போல் வெளுத்துவிடும். இதுவே பூ மழை. மலர்ந்த அன்றே மறுபடி கொட்டினாலோ மகரந்தம் வீணாகும். ரொபஸ்டா தன் மகரந்தத்தால் தானே காய்ப்பதில்லை என்பதால் இழப்பு பெரிது. பிறகு சில வாரங்களுக்குள் இன்னொரு மழை வேண்டும். இல்லையேல் பிஞ்சு நிற்காது. வசதியுள்ளவர் ஸ்பிரிங்க்ளர் வைத்து நீர் தெளிக்கிறார். சிறு விவசாயி வானத்தைப் பார்க்கிறார்.

பூ நன்றாகப் பிடித்தாலும் கணக்கு முடிவதில்லை. 2018 ஆகஸ்டில் குடகில் பெய்த பேய்மழையும் நிலச்சரிவும் காய்களை உதிர்த்தன. சில தோட்டங்கள் இடத்தோடு சரிந்தே போயின. பூவைப் பார்த்துச் சொன்ன கணக்கு அங்கே என்ன ஆகும்?

முன்பெல்லாம் விளைந்ததை வாரியத்திடம் ஒப்படைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். 1992-இல் தொடங்கிய தளர்வு 1996-இல் முழுமை பெற்றது. இன்று விவசாயி தன் விருப்பப்படி விற்கலாம். அறுவடைக்கு முன்பே விலை பேசியும் விற்கலாம். சிக்கலும் இங்கேதான். ரயில்வேயில் பாலம் கட்டும்போது, பழைய பெருவெள்ள மட்டத்துக்கு மேலும் இடைவெளி விட்டே நாங்கள் கர்டர் வைப்போம். மதிப்பிட்ட விளைச்சல் முழுவதையும் முன்கூட்டியே விற்பவர் அந்த இடைவெளியை விடாதவர். காய் குறைந்தால், கூடுதல் விலைக்கு வெளியில் வாங்கிக் கொடுக்க நேரலாம். பாதி அளவுக்குப் பேசுவதே பத்திரம் என்பேன்.

ஏற்றுமதி வாய்ப்பை நமக்குத் திறப்பது பெரும்பாலும் பிறர் நஷ்டம். 1994-இல் பிரேசிலில் உறைபனி விழுந்தது. உலகெங்கும் விலை இரட்டிப்புக்கும் மேல் போயிற்று. 2024-இல் ரொபஸ்டாவில் முதல்வனான வியட்நாம் வறட்சியில் வாட, லண்டன் சந்தையில் அதன் விலை வரலாறு காணாத உச்சம் தொட்டது. குடகு விவசாயிக்கு அது நல்ல ஆண்டு. நம் சமையலறைக்கு அப்படிச் சொல்ல முடியாது.

விலை ஏறும் நாளில் பொடியில் சிக்கரியும் ஏறுவதுண்டு. கலவைப் பொடியில் காப்பி குறைந்தது 51 விழுக்காடு இருக்க வேண்டும், விகிதத்தைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். அடுத்த முறை வாங்கும்போது அந்தப் பொடி எழுத்தையும் கண்ணாடி போட்டுப் படியுங்கள்.