பழைய கணினியிற் கிடக்கும் கணக்குகள்

நம் அங்கத்தினர் சிலர் 2000-ஆம் ஆண்டையொட்டி வாங்கிய கணினியை இன்னும் வீட்டில் வைத்திருக்கின்றனர். வீரவநல்லூர்த் தறிக்கூலியும் அம்பாசமுத்திரத்து நெல் வரவும் அத்தகைய யந்திரங்களில் தமிழிலேயே எழுதப்பட்டிருக்கக் கூடும். அவற்றைப் புதிய கணினிக்கு மாற்றுவது கடினமன்று. உள்ளிருக்கும் வன்தட்டைக் கழற்றி, அதற்கேற்ற யு.எஸ்.பி. இணைப்பான் வழியாகப் புதிய கணினியுடன் சேர்த்து நகல் எடுக்கலாம். 1.44 மெகாபைட் பிளாப்பிகளைப் படிக்கவும் தனிக் கருவி உண்டு.

சங்கடம் பிறகுதான். கோப்பைத் திறந்தால் தமிழுக்குப் பதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தோன்றும். கெட்டுவிட்டதென்று அழித்துவிடலாகாது! பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்தன. அகரம் ‘எம்’மின் இடத்தில், மகரம் ‘கே’யின் இடத்தில். 1999-இல் தமிழக அரசு டாம், டாப் என்னும் முறைகளை அறிவித்தது. 2010-இல் யூனிகோடை ஏற்றது. ஆகவே வன்தட்டைக் கழற்றுமுன் எழுத்துருவின் பெயரைக் குறித்துக்கொள்ளவேண்டும். ‘பான்ட்ஸ்’ என்ற கோப்புறையிலிருந்து அதன் நகலையும் எடுக்கவேண்டும். பெயரறிந்தால் மாற்றுமென்பொருள் யூனிகோடாக்கித் தரும். பெயர் தவறினால், இலக்கங்கள் பெரும்பாலும் அப்படியே நிற்கும். தொகை தெரியும், யாருடைய தொகை என்பது தெரியாது.

காகிதப் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்கும்வரை பழைய வன்தட்டை அழிக்கவேண்டாம். நினைவகத்தைக் கூட்டி யந்திரத்தைப் புதுப்பிப்போர் ஒன்றை அறிக: விண்டோஸ் எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரலில் நிறுத்தப்பட்டன. அதை இணையத்தில் சேர்க்கலாகாது.